இறங்கும் விமானத்தின் இரைச்சல்: முதலில் எதில் கை வைப்பது?

ஓடுபாதை தொடங்கும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால், 3 டிகிரிச் சரிவில் இறங்கி வரும் விமானம் தலைக்கு மேல் சுமார் 120 மீட்டர் உயரத்தில் கடக்கும். விமானங்களுக்கான இரைச்சல் விதிகளை வகுக்கும் ஐசிஏஓ, இறங்கும்போது எழும் சத்தத்தை அளக்க மைக் வைக்கச் சொல்வதும் இதே இடத்தில்தான். அங்கே கேட்பதெல்லாம் இன்ஜின் சத்தம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் இன்ஜின் குறைந்த விசையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். தொங்கவிட்ட சக்கரங்கள், விரித்த இறக்கைப் பாகங்கள், நடுநடுவே இருக்கும் இடுக்குகள் என்று எல்லாவற்றிலும் காற்று மோதிக் கிழிந்து சுழலும் சத்தம், இன்றைய விமானங்களில் இன்ஜினுக்குச் சமமாகவே கேட்கிறது. சிலவற்றில் அதையும் மிஞ்சுகிறது.

இந்தக் காற்றிரைச்சலைக் குறைக்க ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது, வழிகளுக்கும் பஞ்சமில்லை. லேண்டிங் கியருக்கு, அதாவது இறங்குவதற்கான சக்கரத் தொகுதிக்கு, மூடி போடலாம். இறக்கையின் முன்னும் பின்னும் விரியும் ஸ்லாட்டையும் ஃபிளாப்பையும் திருத்தலாம். ஆந்தையிடம் பாடம் படித்து இறக்கையின் பின்விளிம்பைப் பல்வெட்டாக்கலாம். விமானத்தைத் தொடாமல், அது இறங்கும் விதத்தை மட்டும் மாற்றலாம். அல்லது இப்போதைய வடிவத்தையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரையலாம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணமும் ஆளும் கிடைக்காது என்றால், எதை முதலில் எடுப்பது?

என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். "எது சிறந்த தொழில்நுட்பம்?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் தப்பான இடத்தில் போய் நிற்போம். "இந்த விமானத்தில் இப்போது எது உரக்கக் கத்துகிறது? அதை அடக்கினால் எரிபொருளில் எவ்வளவு போகும்?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் பல நல்ல யோசனைகளை அலமாரியிலேயே வைத்திருக்கிறது.

இன்ஜின் எப்படி அடங்கியது?

1952இல் ஜேம்ஸ் லைட்ஹில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்: ஜெட் இன்ஜினின் பின்னால் பீறிடும் காற்று எழுப்பும் ஒலியின் ஆற்றல், அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும். காற்று வெளியேறும் வாயின் அளவை மாற்றாமல் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி 24 டெசிபெல் இறங்கும். நம்பவே முடியாத லாபம் இது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினாலும் அதே உந்துவிசை கிடைக்கும் என்பதால், எரியறைக்குள் போகாமல் சுற்றி வெளியேறும் பைபாஸ் காற்றின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1960களின் ஜேடி8டி இன்ஜினில் உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் சுமார் ஒரு கிலோ காற்று சுற்றிப் போனது. இன்றைய கியர் விசிறி இன்ஜின்களில் அது 12 கிலோவைத் தொடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பைபாஸைக் கூட்டியதற்கு முதல் காரணம் சத்தம் அல்ல, எரிபொருள். மெதுவான பெரிய காற்றோட்டம் எரிபொருளை மிச்சப்படுத்தியது. சத்தம் குறைந்தது கூடவே வந்த லாபம். சிக்கனமும் அமைதியும் ஒரே திசையில் இழுத்ததால் வண்டி வேகமாக நகர்ந்தது. விமான உடலின் காற்றிரைச்சலில் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. அங்கே சத்தத்தைக் குறைக்கச் செய்யும் பெரும்பாலான வேலை எடையைக் கூட்டும், அல்லது தூக்குவிசையைத் தின்னும். இன்ஜினில் வென்ற உத்தியை அப்படியே இங்கே எதிர்பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

விதியும் மாறுகிறது. திடப்பொருள்மேல் காற்று மோதும்போது எழும் ஒலி வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்று 1955இல் கர்ல் காட்டினார். இறக்கையின் கூரான பின்விளிம்பைத் தாண்டிக் கொந்தளிப்பு வழுக்கிப் போகும்போது அது ஐந்தாம் அடுக்கு என்று 1970இல் ஃபௌக்ஸ் வில்லியம்ஸும் ஹாலும் காட்டினார்கள். எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஐந்தும் லேசுப்பட்டதல்ல: இறங்கும் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே இரண்டேகால் டெசிபெல் போய்விடும். மற்ற எல்லா வழிகளையும் எடைபோட இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெசிபெல் செய்யும் குறும்பு

ஒரு விமானத்தில் லேண்டிங் கியர், ஸ்லாட், ஃபிளாப், இன்ஜின் என்று நான்கும் சரிசமமாகச் சத்தம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றை மந்திரம் போட்டு முழுசாக ஊமையாக்கிவிட்டீர்கள். மொத்தம் எவ்வளவு குறையும்? ஒன்றேகால் டெசிபெல். அவ்வளவுதான். கீழே நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டை ஊமையாக்கினால் 3 டெசிபெல். காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும்.

இப்போது லேண்டிங் கியர் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு ஆற்றலோடு கத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 5 டெசிபெல் மட்டும் குறைத்தால் மொத்தம் 1.4 டெசிபெல் இறங்கும். அதை விட்டுவிட்டு ஸ்லாட்டை அடியோடு ஒழித்தாலும் 1 டெசிபெல்தான். அதாவது உரத்தவனை அரைகுறையாக அடக்குவது, அடுத்தவனை முழுசாக அடக்குவதைவிட மேல். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பாகத்தைத் தனியாக வைத்து "8 டெசிபெல் குறைத்துவிட்டோம்" என்று ஒருவர் சொன்னால், பாராட்டிவிட்டு, முழு விமானத்தில் எவ்வளவு என்று மெதுவாகக் கேளுங்கள்.

சரி, எது உரத்தவன்? விமானத்தைப் பொறுத்தது. பல சக்கரங்களைச் சுமக்கும் பெரிய அகலவுடல் விமானங்களில் பொதுவாக லேண்டிங் கியர். சிறிய, குறுந்தூர விமானங்களில் ஸ்லாட்டும் ஃபிளாப்பும் போட்டிக்கு வந்துவிடும்.

லேண்டிங் கியர்: மூடினால் போதுமா?

லேண்டிங் கியரைப் பார்த்தால், காற்றைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் செய்தது போலத்தான் இருக்கும். அதற்கு நியாயமும் உண்டு. தரையில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். மடங்கி விமானத்தின் வயிற்றுக்குள் போக வேண்டும். பிரேக்கின் சூடு ஆற வேண்டும். பழுது பார்ப்பவரின் கை எல்லா இடத்துக்கும் எட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு காற்றுக்கு என்ன மரியாதை மிஞ்சும்? தூண், தாங்குகட்டை, கீல், ஹைட்ராலிக் குழாய், மின்கம்பி என்று எல்லாம் வெட்டவெளியில் தொங்குகின்றன.

ஒரு உருளையின் பின்னால் காற்றுச் சுழல்கள் இருபுறமும் மாறி மாறிக் கழன்றுகொண்டே போகும். பலத்த காற்றில் கம்பி பாடுவதும் இதனால்தான். அந்த ஒலியின் அதிர்வெண்ணை எளிதாகக் கணிக்கலாம்: காற்றின் வேகத்தை உருளையின் விட்டத்தால் வகுத்து, வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. விநாடிக்கு 72 மீட்டர் வேகத்தில் இறங்கும் விமானத்தில் 20 சென்டிமீட்டர் தூண் 72 ஹெர்ட்ஸில் உறுமும். பெரிதாக உறுத்தாது. ஆனால் 5 மில்லிமீட்டர் குழாய் 2,900 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கத்தும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. விமானத்துக்கு இரைச்சல் சான்றிதழ் தரப் பயன்படும் இபிஎன்டிபி அளவுகோலும் அந்தப் பகுதிக்கே கூடுதல் எடை கொடுக்கிறது. ஆக, பிரம்மாண்டமான தூணைவிட அதில் ஒட்டிக்கொண்டு போகும் சுண்டுவிரல் மொத்தக் குழாய் அதிகம் தொந்தரவு செய்ய முடியும்.

இது ஆராய்ச்சியையே கொஞ்ச காலம் ஏமாற்றியது. ஆரம்ப காலச் சோதனைகளில் சின்னதாகச் செய்த மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார்கள். குழாய், கம்பி போன்ற நுணுக்கங்கள் அந்த மாதிரிகளில் இல்லை. ஆகவே உயர் அதிர்வெண் சத்தமும் இல்லை. லேண்டிங் கியர் பெரிய குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். 1990களில் ஜெர்மனியின் விமான, விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆரின் ஆய்வாளர்கள் நிஜமான, முழு அளவு ஏர்பஸ் ஏ320 லேண்டிங் கியரையே ஜெர்மன்-டச்சு நிறுவனமான டிஎன்டபிள்யூவின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது.

மூடி போடுவது நேரடியான தீர்வு. 2005இல் போயிங், நாசா, ஜெனரல் எலெக்ட்ரிக், குட்ரிச் சேர்ந்து ஒரு 777-300ஈஆர் விமானத்தில் நடத்திய பறப்புச் சோதனையில், சக்கரத் தொகுதிக்கு அடியில் பனிச்சறுக்கு வண்டி மாதிரி ஒரு மூடியைப் பொருத்திப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் ஏ340இல் இதேபோன்ற மூடிகள் பறந்திருக்கின்றன. வேலை செய்கின்றன, சந்தேகமில்லை. அப்படியானால் இன்று பறக்கும் விமானங்களின் கால்களில் ஏன் இவற்றைக் காணோம்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதை. கடைசி சில நிமிஷங்களுக்கு மட்டும் பயன்படும் ஒரு பொருளைப் பத்து மணி நேரம் வானில் சுமக்க வேண்டும். மூடி இருந்தால் பிரேக் ஆற நேரமாகும். அடுத்த பயணத்துக்குக் கிளம்பவும் நேரமாகும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கழற்றி மாட்ட வேண்டும். இதற்கு மேல் இன்னொரு நுட்பமான சிக்கல்: திடமான மூடி காற்றை நிறுத்துவதில்லை, விலக்கிவிடுகிறது. விலகிய காற்று வேகமெடுத்துப் பக்கத்துப் பாகத்தில் போய் மோதும். அங்கே வேகத்தின் ஆறாம் அடுக்கு காத்திருக்கிறது. இதனால்தான் அண்மைக்கால ஆராய்ச்சி, துளையிட்ட மூடிகளையும் வலைகளையும் நோக்கிப் போயிருக்கிறது. கொஞ்சம் காற்றை உள்ளே கசியவிட்டு, மீதியை மெதுவாக விலக்குவது.

இந்த வகையில் எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான வேலை, நாசா 2016 முதல் 2018 வரை ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-III விமானத்தில் செய்தது. எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் வறண்ட ஏரிப் படுகையில் 185 மைக்குகளைப் பரப்பி, அவற்றின் மேல் தாழ்வாகப் பறந்தார்கள். துளையிட்ட லேண்டிங் கியர் மூடி, சக்கரம் மடங்கிப் போகும் குழிக்குச் சில திருத்தங்கள், இடுக்கே இல்லாமல் வளையும் ஃபிளாப் எல்லாம் சேர்ந்து, இறங்கும்போது விமான உடல் எழுப்பும் சத்தத்தை 70 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக 2018இல் நாசா அறிவித்தது.

70 சதவீதம் என்றதும் கிட்டத்தட்ட அமைதி என்று தோன்றுகிறது, இல்லையா? ஒலி ஆற்றலில் 70 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் அது சுமார் 5 டெசிபெல். காதுக்குச் சத்தம் பாதியாகக்கூடக் குறையவில்லை. அதுவும் விமான உடலின் சத்தத்தில் மட்டும். இன்ஜின் சத்தம் அப்படியே இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தத் துறையில் 5 டெசிபெல் என்பது பெரிய சாதனை. செய்தித் தலைப்பின் சதவீதத்தையும் வாசலில் நிற்பவரின் காதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்லாட்டும் ஃபிளாப்பும்: இடுக்கில் இருக்கிறது சூட்சுமம்

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஸ்லாட் கொஞ்சம் விலகி, ஒரு இடுக்கை விட்டு நிற்கும். அந்த இடுக்கு வேண்டுமென்றே வைத்தது. அதன் வழியாகப் பாயும் காற்றுதான் மெதுவான வேகத்திலும் இறக்கையைத் தாங்குகிறது. ஸ்லாட்டின் முதுகுப்புறம், மடங்கும்போது இறக்கை மூக்கின்மேல் பொருந்துவதற்காகக் குடைவாக இருக்கும். விரித்த பிறகு அந்தக் குடைவுக்குள் காற்று அடைபட்டுச் சுழன்று, விளிம்பில் அடித்து, இரைச்சலாக வெளியேறும். இறக்கையின் நீளம் முழுக்க இது நடக்கிறது.

தீர்வுகள் இரண்டு வகை. குடைவை நிரப்பிவிடலாம்: வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் நினைவுலோகத்தால் ஆன ஒரு தகடு ஸ்லாட் விரியும்போது குடைவை அடைத்துக்கொண்டு, மடங்கும்போது தானே சுருண்டுகொள்ளும். காகிதத்தில் அழகு. ஆனால் உறைபனி, பறவை மோதல், பல்லாயிரம் முறை மடங்கி விரிதல் எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். ஒருமுறை சிக்கிக்கொண்டால் ஸ்லாட்டே மடங்காது. இரண்டாவது, இடுக்கே இல்லாமல் மூக்கைக் கீழே வளைப்பது. ஏ380, ஏ350 இறக்கைகளின் உட்பகுதியில் இப்படி வளையும் மூக்கு ஏற்கெனவே இருக்கிறது. இடுக்கு போனால் அந்தப் பகுதியின் சத்தமும் போகும்.

ஆனால் தூக்குவிசையும் கொஞ்சம் போகும். இறக்கை முழுவதும் இப்படிச் செய்து உச்சத் தூக்குவிசை பத்து சதவீதம் குறைந்தால், இறங்கும் வேகம் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். ஐந்தாம் அடுக்குக் கணக்கில் அது 1.1 டெசிபெல். ஸ்லாட்டில் மிச்சம் பிடித்ததை லேண்டிங் கியரும் ஃபிளாப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொள்ளும். வேகமாக இறங்கினால் ஓடுபாதையும் நீளமாக வேண்டும். இறக்கையில் எதைத் தொட்டாலும் இந்தப் பேரம் வந்து நிற்கும்.

அடுத்து, ஃபிளாப்பின் பக்கவிளிம்பு. அங்கே ஒரு வலுவான சுழல் உருளும். துளையுள்ள விளிம்பு, தூரிகை போன்ற இழைகள், ஃபிளாப்பையும் இறக்கையையும் இடுக்கின்றி இணைக்கும் நெகிழும் தோல் என்று பலவற்றைப் பார்த்திருக்கிறார்கள். இவற்றில் எனக்கு நம்பிக்கை தருவது கடைசி வகை. இடுக்கற்ற ஃபிளாப் இழுவையையும் குறைக்கிறது என்பதால், இன்ஜினுக்குக் கிடைத்த அதே அதிர்ஷ்டம், எரிபொருளும் அமைதியும் ஒரே பக்கம் நிற்பது, இங்கே மட்டும் கொஞ்சம் வாய்க்கிறது.

ஒரு விசில் கதை

இந்த இடத்தில் ஏ320 குடும்ப விமானங்களைச் சொல்லாமல் போக முடியாது. அவற்றின் இறக்கை அடியில், எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைச் சமன்படுத்த வட்டமான திறப்புகள் உண்டு. பாட்டிலின் வாயில் குறுக்கே ஊதினால் கூவுமே, அதேபோல அவற்றின்மேல் பாயும் காற்று ஒரு கூவலை எழுப்பியது. இரைச்சலின் நடுவில் தனியாகத் தெரியும் சுருதி என்பதால் டெசிபெல் காட்டுவதைவிட அதிகமாக உறுத்தும். டிஎல்ஆரும் லுஃப்தான்ஸாவும் பறக்கும் விமானங்களை அளந்து இதைக் கண்டுபிடித்தார்கள். திறப்புக்கு முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்துக் காற்றைக் கலைத்துவிட்டால் கூவல் நின்றுவிடும். 2014 முதல் லுஃப்தான்ஸா இதைப் பொருத்தத் தொடங்கியது. ஓடுபாதையிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளில் 4 டெசிபெல் வரை குறைந்தது.

பல ஆண்டு உழைத்த ஸ்லாட் ஆராய்ச்சிக்கு இணையான பலன், ஒரு தகடும் சில திருகுகளும். கூடுதல் எடை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஓடுபாதைக்கு அருகே, லேண்டிங் கியர் வெளியே வந்த பிறகு, பெரிய இரைச்சலில் இந்த வித்தியாசம் மூழ்கிவிடும்.

ஆந்தை

ஆந்தையின் இறக்கையில் மூன்று தனித்தன்மைகளை 1934இல் கிரஹாம் பட்டியலிட்டார்: முன்விளிம்பில் சீப்புப் போன்ற பற்கள், பின்விளிம்பில் குஞ்சம், மேலே வெல்வெட் மாதிரி மென்தூவி. எலிக்கும் கேட்கக் கூடாது, தன் காதுக்கும் தன் இறக்கைச் சத்தம் குறுக்கே வரக் கூடாது. இந்தத் துறையைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் ஆந்தையைப் பிடிக்கும்; எனக்கும்தான். ஆனால் பணம் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் பரிந்துரைக்க வேண்டும்.

காற்றாலைக்காரருடையது என்றால் தாராளமாக. காற்றாலையின் இறக்கையில் சக்கரமும் இல்லை, ஸ்லாட்டும் இல்லை. பின்விளிம்பின் சத்தம்தான் முதன்மை. அங்கே பல்வெட்டு விளிம்பு 3 டெசிபெல் அளவுக்குக் குறைத்தது களத்திலேயே அளந்து காட்டப்பட்டு, இன்று வணிகரீதியில் விற்கப்படுகிறது. விமானத்திலோ பின்விளிம்பின் சத்தம் அடியில் ஓடும் மெல்லிய சுருதி. மேலே லேண்டிங் கியரும் ஸ்லாட்டும் முழங்கும்போது அந்தச் சுருதியைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மற்ற எல்லாவற்றையும் அடக்கிய பிறகே ஆந்தையின் முறை வரும். மேலும் ஆந்தை பறக்கும் வேகம் விநாடிக்குச் சில மீட்டர். 72 மீட்டர் வேகத்தில் அந்தத் தூவி அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விமானத்தைத் தொடாமல்

இறங்கும் கோணத்தைக் கூட்டினால் விமானம் வீடுகளுக்கு மேல் இன்னும் உயரத்தில் கடக்கும். 3 டிகிரியை 3.2 ஆக்கினால் உயரம் ஏழு சதவீதம் கூடும். தொலைவால் மட்டும் கிடைப்பது அரை டெசிபெல்லுக்குச் சற்று மேல். ஃபிராங்ஃபர்ட்டின் ஓடுபாதை ஒன்றில் 3.2 டிகிரி வழக்கத்தில் இருக்கிறது. ஹீத்ரோவில் 2015இல் சோதித்துப் பார்த்தார்கள். லண்டன் சிட்டி விமான நிலையத்தில் 5.5 டிகிரி. அதே கணக்கில் அங்கே 5 டெசிபெல்லுக்கு மேல் லாபம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 4.5 டிகிரியை எட்டினாலே விமானத்துக்கும் விமானிக்கும் தனி அனுமதி வேண்டும். பெரிய விமானங்கள் அந்தச் சரிவில் வேகத்தைக் கட்டுப்படுத்தத் திணறும்.

படிப்படியாக இறங்காமல் ஒரே சீராக இறங்குவது, லேண்டிங் கியரைக் கொஞ்சம் தாமதமாக இறக்குவது ஆகியவற்றுக்குச் செலவு குறைவு. சீராக இறங்கினால் எரிபொருளும் மிச்சம். ஆனால் பலன் ஓடுபாதையிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கே. எப்படி இறங்கி வந்தாலும், கடைசி சில கிலோமீட்டரில் விமானம் அதே இறுதி வேகத்தில், அதே கோலத்தில்தான் வரும். இன்னொன்று, சான்றுச் சோதனை 3 டிகிரியில்தான் நடக்கும். ஆகவே புத்திசாலித்தனமாக இறங்கும் வழியை உருவாக்கிய தயாரிப்பாளருக்குச் சான்றிதழில் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. 2017 இறுதியில் பெரிய புது விமானங்களுக்கு வந்த ஐசிஏஓவின் 14ஆம் அத்தியாய விதி, மூன்று அளவிடங்களின் மொத்தத்தில் முந்தைய வரம்பைவிட 7 இபிஎன்டிபி குறைக்கச் சொல்கிறது. தயாரிப்பாளர் அந்த எண்ணைத்தான் துரத்துவார்.

வடிவத்தையே மாற்றினால்

கேம்பிரிட்ஜும் எம்ஐடியும் 2003இல் தொடங்கிய அமைதி விமானத் திட்டம் 2006இல் எஸ்ஏஎக்ஸ்-40 என்ற வரைவை வெளியிட்டது. 215 பேர் பயணிக்கும், உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த வடிவம். இன்ஜின்கள் முதுகின்மேல், சத்தத்தை உடலே மறைக்கும். அகலமான உடல் முழுவதும் தூக்குவிசை தருவதால் விநாடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் இறங்க முடியும். வழக்கமான ஃபிளாப்பும் இடுக்குள்ள ஸ்லாட்டும் தேவையில்லை. விமான நிலைய எல்லைக்கு வெளியே 63 டெசிபெல் என்று கணித்தார்கள். 72இலிருந்து 60 மீட்டருக்கு இறங்குவது மட்டுமே 4 டெசிபெல் என்று பார்த்தால், ஓடுபாதைக்கு அருகே மேலே சொன்ன எந்தத் தனி ஒட்டுவேலையும் இதன் பக்கத்தில் வராது. எரிபொருளும் குறையும் என்பதால் இந்த வடிவத்துக்குத்தான் நீண்ட காலத்தில் உண்மையான வாய்ப்பு. 2023இல் அமெரிக்க விமானப்படை இதே வகையில் ஒரு முழு அளவு மாதிரி விமானம் செய்ய ஜெட்ஜீரோ நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இன்று ஓடுபாதைக்கு அருகில் வசிப்பவருக்கு இது பதில் அல்ல. ஒரு விமான வகை முப்பது ஆண்டுகள் பறக்கும்.

எங்கே சோதிப்பது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தில் ஒரு பங்கு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தால் அதிர்வெண்கள் பத்து மடங்காகும். 3,000 ஹெர்ட்ஸ் 30,000 ஆகிவிடும், நுண்குழாய்களை அந்த அளவில் செய்வதும் கடினம். காற்றோட்டத்தைக் கணக்கிடும் லாட்டிஸ்-போல்ட்ஸ்மான் போன்ற கணினி முறைகள் இப்போது முழு விமானத்தையே சக்கரம் முதல் இறக்கை நுனிவரை கணிக்கின்றன. பறப்புச் சோதனைக்கு முன்பே எதை எங்கே வைப்பது என்று நாசா ஜி-III வேலையில் தீர்மானித்தது இதனால்தான். பறப்புச் சோதனைக்குத்தான் செலவு மிக அதிகம். ஆனால் ஏ320இன் விசிலைக் கண்டுபிடித்தது காற்றுச் சுரங்கமும் அல்ல, கணினியும் அல்ல. தரையில் பரப்பிய மைக்குகள். என் பணமாக இருந்தால், எதையும் வடிவமைப்பதற்கு முன் இப்போது பறக்கும் விமானங்களை அளக்கவே முதல் தவணையைச் செலவழிப்பேன்.

என் வரிசை

அந்த அளவீட்டில் கூவலோ விசிலோ தனியாகத் தெரிந்தால் அதை உடனே தீர்க்க வேண்டும். விவாதமே வேண்டாம். சீராக இறங்குவதையும் கியரைத் தாமதமாக இறக்குவதையும் அதே ஆண்டில் தொடங்கிவிடலாம். கோணத்தைக் கூட்டுவதை நான் பின்னால் வைப்பேன். அரை டெசிபெல்லுக்காக அத்தனை பேரைச் சம்மதிக்க வைக்கும் உழைப்பு வேறு இடத்தில் அதிகம் சம்பாதிக்கும்.

ஆராய்ச்சிப் பணத்தின் பெரும்பங்கை, பெரிய விமானம் என்றால், லேண்டிங் கியரில் போடுவேன். ஒட்டுமூடிக்கு அல்ல. அடுத்த விமானத்தின் கியரை வரையும் முதல் நாளிலேயே குழாய்களையும் கம்பிகளையும் தூணின் பின்னால் மறைப்பது, தாங்குகட்டைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது போன்ற வேலைக்கு. பின்னால் ஒட்டிய மூடிக்கு எடை உண்டு; முன்னால் யோசித்து ஒளித்த குழாய்க்குக் கூடுதல் எடை அதிகம் இல்லை. சிறிய விமானம் என்றால் இந்த இடத்தில் இடுக்கற்ற ஃபிளாப்பை வைப்பேன். ஸ்லாட் குடைவை நிரப்பும் தகட்டுக்கு ஆய்வு மாணவர்கள் போதும், தொழிற்சாலை வேண்டாம். ஆந்தைக்கும் அப்படியே.

இதில் எந்த வழியைத் தேர்ந்தாலும் கடைசியில் ஒரு கணக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும். இறங்கும் விமானத்துக்கு இழுவை தேவை; இல்லாவிட்டால் வேகம் குறையாது. தொங்கும் சக்கரமும் விரித்த ஃபிளாப்பும் இரைச்சலோடு அந்த இழுவையையும் தருகின்றன. எல்லாவற்றையும் வழவழப்பாக மூடி அமைதியாக்கிவிட்டால், விமானி இறக்கைமேல் வேகத்தடைகளைத் தூக்குவார், அவை தம் பங்குக்குக் கத்தும். அமைதி விமானத் திட்டத்தின் காலத்திலேயே எம்ஐடியில் இதற்கு ஒரு விடை தேடினார்கள்: குழாய்க்குள் காற்றைப் பம்பரமாகச் சுழற்றி வெளியே விடுவது. சுழலின் நடுவில் அழுத்தம் குறைவதால் குழாய் பின்னோக்கி இழுக்கப்படும். சுழல் உடையாமல் நிலையாக இருக்கும்வரை பெரிய சத்தம் வராது. சுழற்சியைக் கொஞ்சம் அதிகமாக்கினால் சுழல் உடைந்து சத்தம் ஏறிவிடுகிறது. அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் பாதுகாப்பாகப் போகலாம் என்பதைப் பொறுத்தே, லேண்டிங் கியரை எவ்வளவு மூடலாம் என்பதும் முடிவாகும்.